அண்டார்டிகாவில் சீசன் வேலை: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அண்டார்டிகாவில் இருக்கும் இந்திய ஆய்வு நிலையமான மைத்ரியில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு வந்தவன் நான். ஊர் கடலூர் முதுநகர். டீக்கடையில், கல்யாண வீட்டில், ஐடிஐ பசங்களிடம் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம்.

நான் விஞ்ஞானி இல்லை. எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?

நிறைய இருக்கிறது. குளிர்காலத்தில் மைத்ரியில் தங்குபவர்கள் சுமார் 25 பேர். அதில் கணிசமானவர்கள் கைவேலைக்காரர்கள்: ஜெனரேட்டர் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், பிளம்பர், தச்சர், கிரேன் ஓட்டுபவர், வண்டி மெக்கானிக், பாய்லர் பார்ப்பவர், ஸ்டோர் கணக்கு பார்ப்பவர், சமையல்காரர், நர்ஸ். வானிலை பலூன் விடுபவரும் பூமியின் காந்தப்புலத்தை அளப்பவரும் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் கரண்ட் இருக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், சோறு வெந்திருக்க வேண்டும். நம்மூரில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும். அங்கே போனால் சூடு நிற்கும், அப்புறம் மற்றதெல்லாம் நிற்கும்.

முதுநகரில் விசைப்படகு எஞ்சின் பிரித்து மாட்டிக் கை தேர்ந்தவர்கள், நெய்வேலியில் கனரக எந்திரம் ஓட்டுபவர்கள், சிப்காட்டில் பாய்லர் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் பொருந்தும் வேலை இது. ஆனால் ஐடிஐ அல்லது டிப்ளமோ சான்றிதழும், முறையான அனுபவச் சான்றும் கையில் இருக்க வேண்டும். பட்டறையில் பல வருஷம் உழைத்துவிட்டு ஒரு காகிதம்கூட வாங்காமல் நிற்கும் பையன்களைப் பார்த்தால் வயிறெரிகிறது. வேலை பார்க்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவுக்கு அங்கே எத்தனை நிலையங்கள் இருக்கின்றன?

இப்போது இயங்குபவை இரண்டு. முதல் இந்தியப் பயணக்குழு கடல் விஞ்ஞானி எஸ்.இசட். காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரியில் போய் இறங்கியது. அடுத்த சில வருஷங்களில் தட்சிண கங்கோத்ரி என்ற நிலையத்தைக் கட்டினார்கள். அது கடல்மேல் நீண்டு கிடக்கும் பனித்தட்டின் மேல் நின்றது. மேலே விழுந்த பனியில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துபோனதால் 1990 வாக்கில் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் பாறை நிலமாகப் பார்த்து, ஷிர்மாக்கர் சோலை என்ற இடத்தில் மைத்ரியைக் கட்டிவிட்டார்கள். 2012இல் பாரதி வந்தது. இது லார்ஸ்மன் குன்றுகளில், கடலை ஒட்டி, மைத்ரியிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 3,000 கி.மீ. தள்ளி இருக்கிறது. 134 கப்பல் கண்டெய்னர்களை அடுக்கி, மேலே உறை போட்டுக் கட்டிய கட்டடம். இஸ்ரோவின் செயற்கைக்கோள் தரைநிலையமும் பாரதியில் இருக்கிறது.

வடதுருவப் பக்கம் நார்வேயின் நி-ஆலசுண்டில் ஹிமாத்ரி என்று ஒன்று 2008 முதல் இருக்கிறது. அது ஆராய்ச்சியாளர்கள் போய்த் தங்கி வரும் வீடு மாதிரி. சாப்பாடு ஊர்ப் பொது மெஸ்ஸில். நம் மாதிரி ஆட்களுக்கு அங்கே வேலை இல்லை. கூடுதல் தகவல்: அந்த ஊரில் வைஃபை, புளூடூத் எதையும் போடக்கூடாது, அளவைக் கருவிகளுக்குத் தொந்தரவு என்று.

சீசன் என்றால் எத்தனை மாதம்?

இரண்டு வகை. கோடைக் குழு நவம்பர், டிசம்பரில் போய் மார்ச் வாக்கில் திரும்பிவிடும். அங்கே அதுதான் கோடை. குளிர்காலக் குழு கோடையில் போய், எல்லாரும் கிளம்பிய பிறகும் தங்கி, அடுத்த கோடைக் குழு வந்து பொறுப்பேற்ற பிறகே கிளம்பும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். நடுவில் லீவு என்ற பேச்சே கிடையாது.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை, கோடைக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் கோடை சுகமான சீசன் என்று நினைக்க வேண்டாம். சூரியன் மறையாது, கப்பல் நிற்கும் நாட்களோ கொஞ்சம், சரக்கு இறக்குவது ராத்திரி பகல் பார்க்காமல் நடக்கும். கப்பல் நிற்கும் பனித்தட்டு விளிம்பிலிருந்து மைத்ரி சுமார் 100 கி.மீ. உள்ளே இருக்கிறது. எரிபொருளையும் அரிசி மூட்டையையும் கண்டெய்னரோடு சறுக்குவண்டியில் ஏற்றி, பிஸ்டன் புல்லி என்ற சங்கிலிச் சக்கர வண்டியால் இழுத்து வர வேண்டும்.

எப்படிப் போவது? நேராக விமானமா?

தேர்வானதும் டெல்லி எய்ம்ஸில் உடல் பரிசோதனை, மனநலப் பரிசோதனை. அப்புறம் உத்தராகண்ட் மாநிலம் அவுலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் பனியில் நடக்கவும் கயிறு கட்டவும் பயிற்சி கொடுப்பார்கள். மார்கழிப் பனிக்கே மஃப்ளர் தேடும் நமக்கு அங்கேதான் முதல் அதிர்ச்சி.

பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன். அங்கிருந்து இல்யூஷின் சரக்கு விமானத்தில் சுமார் ஆறு மணி நேரத்தில் ரஷ்யர்களின் பனி ஓடுதளத்தில் இறங்கிவிடலாம். கப்பலில் போனால் நாள் கணக்கு. தெற்கே 40 டிகிரி அட்சரேகையைத் தாண்டியதும் கடலின் குணமே மாறிவிடும், குறுக்கே நிலம் இல்லாமல் காற்று உலகத்தையே சுற்றி வரும் இடம் அது. கடலோரத்தில் பிறந்தவனுக்கு வாந்தி வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குளிர் தாங்க முடியுமா?

மைத்ரியில் கோடையில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், சில நாள் அதற்கு மேலும் போகும். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். பூமியிலேயே அளந்த மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 89.2 டிகிரி 1983 ஜூலையில் ரஷ்யர்களின் வஸ்தோக் நிலையத்தில் பதிவானது. அது கண்டத்தின் நடுவே, உயரத்தில் இருக்கும் இடம், நம் நிலையங்கள் அப்படியில்லை.

குளிருக்குத் துணி இருக்கிறது, அடுக்கடுக்காக அவர்களே கொடுத்துவிடுவார்கள். பயப்பட வேண்டியது காற்றுக்கு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் பக்கம் கரை கடந்தபோது வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டீர்களே ஒரு சத்தம், அந்தச் சத்தத்தோடு பொடிப்பனியும் சேர்ந்து நாள் கணக்கில் நிற்காமல் அடித்தால் அதுதான் பனிப்புயல். மணிக்கு 100 கி.மீ.யை அசால்ட்டாகத் தாண்டும். நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். தனியாகப் போகக்கூடாது, வாக்கி டாக்கி இல்லாமல் போகக்கூடாது, எழுதி வைக்காமல் போகக்கூடாது. இந்த மூன்றில் ஒன்றை மீறுபவனோடு யாரும் ஷிஃப்ட் பார்க்க விரும்பமாட்டார்கள், அது எவ்வளவு பெரிய படிப்பாளியாக இருந்தாலும் சரி.

மெக்கானிக் வேலை இங்கே மாதிரிதானே?

எஞ்சின் அதே எஞ்சின்தான். அதைச் சுற்றி இருக்கும் பொருள்கள்தான் வேறு மாதிரி நடந்துகொள்ளும். க்ரீஸ் மெழுகாக இறுகும். ரப்பர் ஹோஸ் மடக்கினால் முறியும். கேபிளின் மேலுறை பிஸ்கட் மாதிரி உடையும். கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், நல்லதாக இருந்தாலும் கசிய ஆரம்பிக்கும். பேட்டரி பாதி தெம்பில் நிற்கும். சாதா டீசல் அந்தக் குளிரில் கெட்டிப்பட்டு ஃபில்டரை அடைத்துவிடும் என்பதால் குளிருக்கென்றே உள்ள எரிபொருள்தான். வெளியே நிற்கும் வண்டியை எழுப்ப, முதலில் ஹீட்டர் போட்டு எஞ்சினைச் சூடாக்கி, ஆயில் இளகியது தெரிந்த பிறகே ஸ்டார்ட்டரில் கை வைக்க வேண்டும்.

வெறுங்கையால் ஸ்பேனரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கனமான கையுறையோடு ஒரு சின்ன நட்டைத் திருக முடியாது. அதனால் மெல்லிய கையுறை உள்ளே, தடித்தது வெளியே. தடித்ததைக் கழற்றி, நாலு சுற்று திருகி, மறுபடி மாட்டி, அக்குளில் கையை வைத்துச் சூடேற்றி, மறுபடி கழற்றி நாலு சுற்று. இங்கே பத்து நிமிஷத்தில் முடியும் வேலைக்கு அங்கே அரை நாள் போகும். நட்டு கீழே பனியில் விழுந்தால் விழுந்ததுதான், அதனால் கீழே ஒரு தார்ப்பாய் விரித்துக்கொள்ளாமல் யாரும் எதையும் பிரிப்பதில்லை.

தண்ணீர்க் குழாய் தனிக் கதை. மைத்ரிக்குப் பக்கத்திலேயே பிரியதர்ஷினி ஏரி இருக்கிறது. மேல்பரப்பு கட்டியாக உறைந்தாலும் அடியில் தண்ணீர் இருக்கும், அதிலிருந்துதான் பம்ப் செய்கிறோம். வழியில் உறையாமல் இருக்கக் குழாயோடு சூடேற்றும் கம்பி போகும். பம்ப் நின்று அதைக் கவனிக்காமல் விட்டால் குழாய் முழுக்க ஐஸ் குச்சிதான். இரவு ஷிஃப்டில் ஜெனரேட்டர் அறையின் மீட்டரை விட அந்தக் குழாயின் நிலையைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன். பாரதியில் ஏரித் தண்ணீர் இல்லை, கடல் நீரை நன்னீராக்குகிறார்கள்.

இவ்வளவு பனிக்கு நடுவில் பெரிய பயம் எது தெரியுமா? தீ. காற்று அவ்வளவு வறட்சி, கதவுப் பிடியைத் தொட்டாலே சுள்ளென்று பொறி தட்டும். அணைக்கத் தண்ணீர் கைவசம் இருக்காது. எரிந்துபோனால் குளிர்காலத்தில் ஒதுங்க வேறு வீடு இல்லை. தீயணைப்பு ஒத்திகையை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் தொழில் எதுவானாலும் சமையலறை முறை வரும். பாத்திரம் கழுவுவது, தரை கூட்டுவது, பனி வாருவது எல்லாம் டாக்டருக்கும் உண்டு, நிலையத் தலைவருக்கும் உண்டு.

சாப்பாடு?

அரிசி, பருப்பு, மாவு, டின் சாமான், உறைந்த கோழி, உறைந்த ஆட்டிறைச்சி, மீன் எல்லாம் தாராளம். பச்சைக் காய்கறிதான் கப்பல் போன சில மாதங்களில் தீரும். கடைசி வெங்காயம் வரை கணக்கு வைப்பார்கள். சைவம், அசைவம் இரண்டும் தினம் உண்டு.

இட்லி சாத்தியம். மாவு சமையலறையில் புளிக்காது, ஜெனரேட்டர் அறையின் சூட்டில் வைத்தால் புளிக்கும். முதலில் வடநாட்டு நண்பர்கள் அந்தப் பாத்திரத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளே வந்து மாவு பொங்கிவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். தயிர் பால்பவுடரில் ஊற்றுவது. பிரைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்க மறந்தால் கடைக்கு ஓட முடியாது.

கருவாடு, நாட்டு விதை, துளசிச் செடி கொண்டு போகலாமா?

விதை, செடி, மண் கூடவே கூடாது. 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை அண்டார்டிகாவுக்குள் வெளி உயிர்கள் நுழைவதைத் தடுக்கிறது. ஷூ அடியில் ஒட்டிய மண்ணையும் பாக்கெட்டுக்குள் கிடக்கும் புல் விதையையும்கூடத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அதே உடன்படிக்கையால்தான் நாய்களுக்கும் அங்கே இடமில்லை. குப்பையைக் கண்ட இடத்தில் போட முடியாது, பிரித்து மூட்டை கட்டி, எரித்த சாம்பல் உட்பட கப்பலேற்றி வெளியே கொண்டுவர வேண்டும்.

கருவாடு? மூடிய கட்டடத்தில் இருபத்தைந்து பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும்.

வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால்?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

குளிர்காலத்தில் விமானமும் கிடையாது, கப்பலும் கிடையாது. மார்ச்சுக்குப் பிறகு நவம்பர் வரை வீட்டில் பிறப்போ இறப்போ கல்யாணமோ, போனில்தான். எங்கள் குழுவில் ஒருவருக்கு ஆகஸ்டில் அப்பா தவறிவிட்டார். சேதி வந்தது சாப்பாட்டு நேரத்தில். நிலையத் தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தம்பி கொள்ளி வைத்தார், இவர் ஃபோனில் பேசினார். அன்று ராத்திரி அவரைத் தனியாக விடக்கூடாது என்று முறை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு அவர் அறையில் உட்கார்ந்தோம். மறுநாள் காலையில் அவரே வந்து, "எனக்கு டியூட்டி போடுங்க, சும்மா உட்கார முடியல" என்றார். போட்டோம்.

அதனால் கிளம்பும் முன் அப்பா அம்மாவிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நான் வர முடியாமல் போனால் யார் முன்னின்று செய்வது என்பதை அண்ணன் தம்பி, பங்காளிகளிடமும் முடிவு செய்துவிடுங்கள். அபசகுனம் என்று ஒதுக்கினால் பிறகு அவதி உங்களுக்குத்தான். பெற்றோர் படுக்கையில் இருந்தால், மனைவி முழுகாமல் இருந்தால், இந்த வருஷம் வேண்டாம். அண்டார்டிகா எங்கேயும் போய்விடாது.

உடம்புக்கு வந்தால்?

டாக்டர் இருப்பார், சிறிய அறுவை சிகிச்சை அறை இருக்கும். ஆனால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்ப முடியாத மாதங்கள் உண்டு. அதனால்தான் பரிசோதனையில் அவ்வளவு கெடுபிடி. பல்லை முன்கூட்டியே சரி பார்த்துக்கொள்ளுங்கள், சொத்தைப் பல் அங்கே படுத்துவது போல வேறெதுவும் படுத்தாது.

மைத்ரியிலிருந்து நாலைந்து கி.மீ. தூரத்தில் ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம். 1961 ஏப்ரல் கடைசியில் அங்கே இருந்த ஒரே டாக்டர் லியோனிட் ரோகசோவுக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. வண்டி மெக்கானிக்கும் வானிலை ஆய்வாளரும் கண்ணாடியையும் கொக்கியையும் பிடித்துக்கொள்ள, தன் வயிற்றைத் தானே கிழித்து அறுவை செய்துகொண்டார். பிழைத்து, இரண்டு வாரத்தில் வேலைக்கும் திரும்பினார். இன்றைக்கும் ஆஸ்திரேலிய நிலையங்களில் குளிர்காலம் தங்கும் டாக்டர், குடல்வாலை முன்பே எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆறு மாதம் இருட்டு என்கிறார்களே?

அது துருவப் புள்ளியில். மைத்ரியில் மே கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை, ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழாது. மதியம் கொஞ்ச நேரம் வானம் வெளிறும், அவ்வளவுதான். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். எவன் ஸ்பூனைச் சத்தம் போட்டு வைக்கிறான் என்பதெல்லாம் அப்போது பெரிய வழக்கு. ஜூன் 21 நடுக்குளிர்கால நாளை எல்லா நாட்டு நிலையங்களும் கொண்டாடும், ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்பிக்கொள்ளும். இருட்டு வானில் திரை மாதிரி அசையும் தென்முனை ஒளியை ஆசை தீரப் பார்க்கலாம்.

பொங்கல் வருவது அங்கே நடுக்கோடையில். விடியற்காலை எழுந்து சூரியனை வரவேற்க முடியாது, அது முந்தின நாள் மறையவே இல்லை.

பென்குவின் பார்க்கலாமா?

பாரதியில் பார்க்கலாம், மைத்ரி கடலிலிருந்து தூரம். கிட்டே போகக்கூடாது, தொடக்கூடாது.

பெண்கள் போகிறார்களா?

விஞ்ஞானிகள் சுதிப்தா சென்குப்தாவும் அதிதி பந்தும் 1983-84இலேயே போய் வந்துவிட்டார்கள். இஸ்ரோவின் மங்களா மணி தன் 56 வயதில் போய் பாரதியில் 403 நாள் இருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும்?

ஹிந்தி தெரியாதே?

வேலை நடக்க ஆங்கிலம் போதும். ஆனால் சாப்பாட்டு மேசையில் பேச்சு ஹிந்தியில்தான் ஓடும். தெரியாமல் போனால் கற்றுக்கொண்டு வருவீர்கள், வேறு பொழுதுபோக்கு இல்லை.

எங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது. பிரான்ஸ் வழியாகப் போகலாமா?

புதுச்சேரியில் மட்டும் வரும் கேள்வி இது! போகலாம். பிரான்சின் துருவ ஆய்வு நிறுவனம் பிரெஸ்ட் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடலோரத்தில் துமோன் துர்வில் நிலையம், உள்நாட்டில் இத்தாலியோடு சேர்ந்து நடத்தும் கான்கார்டியா நிலையம். இளைஞர்களைக் குடிமைச் சேவைத் தொண்டர்களாகவும், தொழில் தெரிந்தவர்களை ஒப்பந்தத்திலும் எடுக்கிறார்கள். பிரெஞ்சு சரளமாக வேண்டும், தாத்தாவின் பென்ஷன் புத்தகம் மட்டும் போதாது. கான்கார்டியா 3,200 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது, மூச்சு வாங்கும். குளிர்காலத்தில் 12 முதல் 15 பேர்தான். மைத்ரியே சந்தைக்கடை மாதிரித் தோன்றும்.

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறேன்.

உங்கள் வழி வேறு. ஆய்வுத் திட்டத்தை வழிகாட்டியோடு சேர்ந்து, பல்கலைக்கழகம் வழியாக அனுப்ப வேண்டும். ஏன் அதை அண்டார்டிகாவில்தான் செய்ய வேண்டும் என்பதற்குப் பதில் இருக்கட்டும்.

சம்பளம்? பணத்தை எப்படி அனுப்புவது?

மாதச் சம்பளம் தனி, அண்டார்டிகா படி தனி, குளிர்காலத்துக்குப் படி கூடுதல். தொகை ஒவ்வொரு அறிவிப்பிலும் போட்டிருப்பார்கள். வளைகுடா, சிங்கப்பூர் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டாம். ஆனால் செலவழிக்கக் கடையே இல்லாததால் வருவது அப்படியே நிற்கும்.

சிக்கல் ஓடிபியில். உங்கள் சிம் அங்கே எடுக்காது. வங்கியோ இன்சூரன்ஸோ அனுப்பும் எண் எங்கே போய்ச் சேரும்? அந்த சிம்மை வீட்டில் நம்பிக்கையான ஒருவர் போனில் போட்டு, ரீசார்ஜ் தவறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் எல்லாம் யார் கட்டுவது என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். நிலையத்தில் செயற்கைக்கோள் வழி இணையம் உண்டு, வீட்டோடு பேசலாம். புயல் அடிக்கும் அன்று மட்டும் அதை நம்பாதீர்கள்.

எங்கே விண்ணப்பிப்பது?

கோவாவில் வாஸ்கோடகாமா நகரத்தில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம்தான் ஆள் எடுக்கிறது. புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருவது. பணியிட அறிவிப்பு அவர்கள் இணையதளத்தில் வரும், பெரும்பாலும் நேரடி நேர்காணல். ஏஜென்ட் வழியாக எடுப்பது இல்லை. "மேலிடத்தில் ஆள் இருக்கிறது, ஒரு லட்சம் கொடு" என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் யாராவது வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

நேர்காணலில் தொழிலைத் துருவிக் கேட்பார்கள். தெரியாததைத் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள், கேள்வி கேட்பவர்களில் அங்கே குளிர்காலம் இருந்தவர்களும் உண்டு. அசல் சான்றிதழ்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள். முக்கியமாக, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஐடிஐ சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பையன்களுக்கு இடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.